பித்தப்பைக் கல்லும் பித்தக்கான் அடைப்பும்

எமது கிராமங்களிலும் நலன்புரி நிலையங்களிலும் "எனக்குக் காஸ் வருத்தம்" என்று சொல்லாத பெரியவர்களைக் காண்பது அரிது. நேரந் தவறிய சாப்பாடு, வெறும் வயிற்றோடு செய்யும் வேலை, தீராத மனக்கவலை ஆகியவற்றோடு வாழும் மக்களுக்கு இரைப்பை வருத்தம் வருவது புதுமையல்ல. ஆகவே மேல்வயிற்றில் எந்த நோ வந்தாலும் அதைக் காஸ்திரைற்றிஸ் என்று நாமே தீர்மானித்து, கடையில் ஒரு குளிசையை வாங்கி விழுங்கிவிட்டுத் தோட்டத்திற்கோ கூலி வேலைக்கோ போய்விடுகிறோம்.

பல வேளைகளில் அத்தீர்மானம் சரியாகவும் இருக்கலாம். ஆனால் சிலருக்கு அந்த நோ இரைப்பையில் இருந்து வருவதில்லை. பித்தப்பையில் இருந்து வருகின்றது. மாதக் கணக்கில் அதைக் "காஸ்" என்று பொறுத்துக்கொண்டிருந்து, கண் மஞ்சளாகிக் குளிர்காய்ச்சல் பிடித்த பின்னரே வைத்தியசாலைக்குப் போகின்றவர்கள் உண்டு. உரிய நேரத்தில் போயிருந்தால் சில நாட்களில் முடியும் சிகிச்சை, பிந்தியதால் உயிருக்கே ஆபத்தாகிவிடுகின்றது. இந்நோய்களை எவ்வாறு இனங்காண்பது, எப்போது காத்திருக்கலாம், எப்போது ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது என்பவற்றை இங்கு விளக்க முயல்கின்றோம்.

பித்தப்பை என்பது யாது?

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்வோம். தலை சுற்றினால் "பித்தம் கூடிவிட்டது" என்றும், குதிக்கால் வெடித்தால் "பித்த வெடிப்பு" என்றும் சொல்லுகின்றோம். வாதம், பித்தம், கபம் என்று சித்த வைத்தியம் பேசும் பித்தம் உடலின் ஒரு தன்மையைக் குறிப்பது. அதற்கும் நாம் இங்கு பேசும் பித்தப்பைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. தேசிக்காய் தேய்த்துக் குளிப்பதால் பித்தப்பை வருத்தம் மாறுவதுமில்லை.

வலது பக்க விலா எலும்புகளின் கீழே ஈரல் இருக்கின்றது. ஈரல் ஒரு நாளில் ஏறக்குறைய அரை லீற்றர் முதல் ஒரு லீற்றர் வரை பித்தநீரைச் சுரக்கின்றது. பச்சை கலந்த மஞ்சள் நிறமுள்ள இந்நீர் நாம் உண்ணும் எண்ணெய், கொழுப்பு வகைகளைச் சமிக்கச் செய்ய உதவுகின்றது. ஈரலின் அடியில் ஒட்டியிருக்கும், பேரிக்காய் வடிவான சிறு பையே பித்தப்பை. அது 30 முதல் 50 மில்லிலீற்றர் வரையே கொள்ளும். வயல் வாய்க்காலோடு தொடுத்த சிறு தொட்டியைப் போல, சாப்பாடு இல்லாத வேளையில் பித்தநீரைச் சேர்த்து, அதில் உள்ள தண்ணீரை உறிஞ்சித் தடிப்பாக்கி வைத்திருக்கும். நாம் சாப்பிட்டதும், சிறப்பாகக் கொழுப்புணவு உண்டதும், பை சுருங்கிப் பித்தநீரை வெளியே தள்ளும். அந்நீர் பித்தக்கான் வழியாக முன்சிறுகுடலைச் சென்றடையும். பித்தக்கான் குடலோடு சேரும் அதே இடத்தில்தான் சதையி என்னும் உறுப்பின் கானும் வந்து சேருகின்றது. இதை மனதிற் கொள்ளுங்கள். அந்த வாய் அடைபட்டால் இரண்டு உறுப்புகளும் பாதிக்கப்படும்.

கல் எவ்வாறு உண்டாகின்றது?

பித்தநீரில் பித்த உப்புகள், கொலஸ்திரோல், பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் ஆகியன கலந்திருக்கின்றன. இவற்றின் அளவு குழம்பும்போதும், பை சரியாகச் சுருங்காமல் நீர் தேங்கி நிற்கும்போதும் மண்டி படிகின்றது. அது நாளடைவில் கல்லாகின்றது. மணல் போன்ற பொடிக்கற்களும் உண்டு. கோழி முட்டை அளவு கற்களும் உண்டு.

கொலஸ்திரோல் கற்கள் ஒரு வகை. இவை ஆண்களைவிடப் பெண்களுக்கும், 40 வயதைத் தாண்டியவர்களுக்கும், பருத்த உடம்பினருக்கும், பல பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும், நீரிழிவு உள்ளவர்களுக்கும் கூடுதலாக உண்டாகின்றன. குறுகிய காலத்தில் உடம்பு வேகமாக மெலிந்தாலும், நீண்ட நாட்கள் உணவில்லாது கிடந்தாலும் கல் உண்டாகலாம். குடும்பத்தில் பிறருக்கு இருந்தாலும் வாய்ப்புக் கூடும்.

நிறப்பொருட் கற்கள் மற்றொரு வகை. தலசீமியா போன்ற நோயினால் செங்குருதிக் கலங்கள் விரைவில் அழிகின்றவர்களுக்குக் கரிய கற்கள் உண்டாகும். பித்தக்கானில் கிருமித்தொற்று உள்ளவர்களுக்குக் கபில நிறக் கற்கள் கானிலேயே உண்டாகும். ஆகவே "கொழுத்தவருக்குத்தான் பித்தக்கல் வரும், எனக்கு என்ன?" என்று மெலிந்த ஒருவர் எண்ணிவிடக் கூடாது.

நல்ல மலசலகூட வசதி இல்லாத இடங்களில் வட்டப்புழு, அதாவது நாக்கிளிப் பூச்சி, குடலில் இருந்து பித்தக்கானுக்குள் ஏறி அடைப்பை ஏற்படுத்துவதும் உண்டு. பூச்சிக் குளிசை பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்று எண்ணாதீர்கள். பெரியவர்களுக்கும் தேவையா என்று மருத்துவ மாதிடமோ வைத்தியசாலையிலோ கேட்டறியுங்கள்.

கல் உள்ள எல்லோரும் நோயாளரா?

இல்லை. வேறு காரணத்திற்காக வயிற்றை ஸ்கான் செய்தபோது பித்தப்பையில் கல் இருப்பதாக எழுதித் தந்ததும் சிலர் அஞ்சி நடுங்கிவிடுகின்றார்கள். கல் உள்ளவர்களில் பெரும்பாலானோர், ஏறக்குறைய 100 பேரில் 80 பேர், வாழ்நாள் முழுவதும் அதனால் எந்தத் துன்பமும் அடைவதில்லை. நோ இல்லாத கல்லுக்குப் பொதுவாகச் சத்திர சிகிச்சை தேவையில்லை. மருந்தும் தேவையில்லை. அறிக்கையைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கீழே சொல்லும் அறிகுறிகள் வந்தால் வைத்தியரிடம் போனாற் போதும். பித்தப்பைச் சுவரில் 10 மில்லிமீற்றரிலும் பெரிய தசை வளர்ச்சி உள்ளவர்கள், செங்குருதிக் கலங்கள் அழியும் நோயுள்ளவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் வைத்தியர் வேறு ஆலோசனை கூறக்கூடும்.

ஆனால் ஒரு தடவை நோ வந்துவிட்டால் நிலைமை மாறுகின்றது. ஒரு முறை குத்து வந்தவருக்கு அது திரும்பவும் வரும் வாய்ப்பு அதிகம். அப்போது "பார்த்துக்கொள்வோம்" என்று விடுவது புத்தியல்ல.

காஸா? பித்தக் குத்தா?

பித்தப்பை சுருங்கும்போது ஒரு கல் அதன் கழுத்தில் போய் இறுகினால் குத்து எழுகின்றது. அதன் தன்மைகள் இவை:

1. நோ வயிற்றின் மேல் நடுவிலோ வலது விலாவின் கீழோ தோன்றும். வலது தோட்பட்டைக்கும் முதுகின் வலப்புறத்திற்கும் பரவலாம்.

2. பெரும்பாலும் சாப்பிட்டுச் சில மணி நேரத்தில் வரும். கலியாண வீட்டுச் சாப்பாடு, ஆட்டிறைச்சிக் கறி, எண்ணெய்ப் பலகாரம் உண்ட அன்று இரவு நித்திரையை எழுப்பி வருவது வழக்கம்.

3. விட்டு விட்டு வராமல், ஏறி ஒரே அளவில் நின்று வருத்தும். அரை மணி நேரம் முதல் சில மணி நேரம் வரை நீடித்துப் பின் தானாகவே அடங்கும். சத்தியும் வரலாம்.

4. குத்து இல்லாத நாட்களில் ஆள் முழுச் சுகமாக இருப்பார்.

இரைப்பை வருத்தம் இதிலிருந்து வேறுபட்டது. அது எரிவாக இருக்கும், நாள்தோறும் வரும், சிலருக்குச் சாப்பிட்டால் குறையும், அமிலம் குறைக்கும் மருந்துக்கு அடங்கும். மருந்து எடுத்தும் அடங்காத "காஸ்", மாதத்தில் ஓரிரு நாள் மட்டும் வந்து ஆளைப் புரட்டி எடுக்கும் "காஸ்" ஆகியவற்றைச் சந்தேகிக்க வேண்டும். அவ்வாறானவர்கள் வைத்தியரிடம் "எனக்குக் காஸ்" என்று தொடங்காமல், நோ எங்கே வருகின்றது, எப்போது வருகின்றது, எவ்வளவு நேரம் நிற்கின்றது என்று சொல்ல வேண்டும். நோயின் பெயரைச் சொல்வது வைத்தியரின் வேலை. நோவின் கதையைச் சொல்வது எமது வேலை.

இன்னுமொன்று. மேல்வயிற்று நோவோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சு முட்டல், இடது கை உளைவு இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். அப்போது பித்தமா காஸா என்று ஆராய நேரமில்லை. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

காத்திருக்கக் கூடாத மூன்று நிலைகள்

முதலாவது, பித்தப்பை அழற்சி. கழுத்தில் இறுகிய கல் விலகாமல் நின்றால் பை வீங்கி அழற்சியடையும். நோ ஆறு மணி நேரத்திற்கு மேலாகியும் அடங்காது, காய்ச்சல் காயும், வலது விலாவின் கீழ் கை வைத்தால் தாங்க முடியாது. அவ்விடத்தில் கையை அழுத்தி மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லி வைத்தியர் பார்ப்பார். நோவினால் மூச்சு இடையில் நின்றுவிட்டால் அது இந்நோயின் அடையாளம். கவனிக்காது விட்டால் பை சீழ்ப்பிடித்து வெடிக்கவும் கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் அறிகுறி குறைவாகவும் ஆபத்து அதிகமாகவும் இருக்கும்.

இரண்டாவது, பித்தக்கான் அடைப்பும் அதனால் வரும் கிருமித்தொற்றும். பித்தப்பையில் இருந்து நழுவிய கல் கானில் போய் அடைத்தால் பித்தநீர் குடலுக்குப் போக முடியாமல் குருதியில் கலக்கும். கண்ணும் தோலும் மஞ்சளாகும். சிறுநீர் கடும் வெறுந்தேநீர் போல் கறுக்கும். மலம் நிறமிழந்து களிமண் போல் வெளிறும். உடம்பெல்லாம் சொறிவு எடுக்கும். தேங்கிய நீரில் கிருமி பெருகினால் நடுக்கத்தோடு குளிர்காய்ச்சல் வரும். நோ, நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் ஆகிய மூன்றும் ஒன்றுசேர்வதை 1877 இல் பிரெஞ்சு வைத்தியர் ஷார்க்கோ எழுதி வைத்தார். இன்றும் உலகெங்கும் வைத்தியர்கள் அம்மூன்றையும் தேடிப் பார்க்கின்றார்கள். மூன்றும் எல்லோருக்கும் ஒன்றாக வருவதில்லை. இரண்டு இருந்தாலே போக வேண்டும். இத்தொற்று குருதியிற் கலந்தால் அழுத்தம் விழுந்து, அறிவு தடுமாறி, ஓரிரு நாளில் உயிர் போகக்கூடும்.

மூன்றாவது, சதையி அழற்சி. கல் பொதுவாயிலை அடைக்கும்போது சதையியின் நீரும் தேங்கி அவ்வுறுப்பையே அரிக்கத் தொடங்கும். மேல்வயிற்றில் திடீரெனக் கடும் நோ எழுந்து முதுகை ஊடுருவும், சத்தி நிற்காது, முன்னே குனிந்திருந்தால் சற்று ஆறுதலாக இருக்கும். மதுபானமும் இந்நோய்க்கு ஒரு முக்கிய காரணம். ஆனால் மதுவைத் தொடாத பெண் ஒருவருக்கு இது வந்தால் முதலில் தேட வேண்டியது பித்தக் கல்லையே.

மஞ்சள் எல்லாம் ஒன்றல்ல

எமது மக்கள் கண் மஞ்சளானால் செங்கண்மாரி என்று சொல்லிக் கீழ்க்காய்நெல்லி அரைத்துக் குடிக்கின்றார்கள். பார்வை பார்க்கவும் போகின்றார்கள். பலருக்குச் சுகமும் வருகின்றது. அதன் காரணத்தை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும்.

செங்கண்மாரி ஒரு நோயின் பெயரல்ல. பல நோய்களின் அடையாளம். அசுத்தமான நீராலும் உணவாலும் பரவும் ஹெப்பற்றைற்றிஸ் ஏ என்னும் ஈரல் அழற்சி அவற்றுள் ஒன்று. 2009 இல் செட்டிகுளம் முகாம்களில் எமது மக்கள் நெருக்கடியில் வாழ்ந்தபோது பரவியது அதுவே. ஓய்வு எடுத்துச் சாப்பிட்டு வந்தால் பெரும்பாலானோருக்கு அது சில வாரங்களில் தானாகவே மாறிவிடும். அந்நேரம் குடித்த சாறுக்கு அந்தப் பெயர் போய்விடுகின்றது. ஆனால் கானை அடைத்து நிற்கும் கல்லைச் சாறு நகர்த்தாது. தானாக மாறும் செங்கண்மாரியையும் மாறாத செங்கண்மாரியையும் வீட்டில் இருந்து பிரித்தறிவது கடினம். ஆகவே எந்த மஞ்சளும் ஒரு தடவையாவது வைத்தியரால் பார்க்கப்பட்டுக் குருதி சோதிக்கப்பட வேண்டும்.

வயலில் இறங்குகின்றவர்கள் எலிக்காய்ச்சலையும் நினைவிற் கொள்ள வேண்டும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றிலும் நீரிலும் இருந்து காற்புண் வழியாகக் கிருமி புகுந்து, காய்ச்சல், கெண்டைக்கால் உளைவு, கண் சிவத்தல், பின்னர் மஞ்சள் ஆகியவற்றை ஏற்படுத்தும். 2024 டிசெம்பரில் வெள்ளத்தின் பின் யாழ்ப்பாண மாவட்டத்தில் உயிர்களைப் பறித்தது இந்நோயே. காய்ச்சலும் மஞ்சளும் உள்ள விவசாயி வைத்தியரிடம் "நான் வயலில் நின்றேன்" என்ற ஒரு வசனத்தை மறவாமற் சொல்ல வேண்டும்.

நோவே இல்லாமல் மெல்ல மெல்ல மஞ்சள் கூடி, உடம்பும் மெலிந்து வந்தால் அதையும் அலட்சியம் செய்யக் கூடாது. கல்லை விட, பித்தக்கானிலோ சதையியின் தலைப்பகுதியிலோ புற்றுநோய் உண்டாகியிருக்கும் சாத்தியம் அங்கே அதிகம். நோ இல்லையே என்று பலர் பிந்திவிடுவது இங்கேதான்.

தாய்மாருக்கு ஒரு சொல். பிறந்த குழந்தைக்குச் சில நாட்கள் மஞ்சள் இருப்பது வழக்கம். ஆனால் 14 நாட்களைத் தாண்டியும் மஞ்சள் நின்றால், சிறப்பாக மலம் வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ போனால், வெயிலில் காட்டிக்கொண்டிருக்க வேண்டாம். பித்தக்கான்கள் அடைபட்ட நிலையில் சில குழந்தைகள் பிறப்பதுண்டு. அதற்கான சத்திர சிகிச்சையை 1950களில் ஜப்பானிய வைத்தியர் மொரியோ கசாய் உருவாக்கினார். குழந்தைக்கு இரண்டு மாதம் நிறையுமுன் அதைச் செய்தாற்றான் நல்ல பலன் கிடைக்கும்.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள்?

முதலில் வைத்தியர் விசாரித்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார். பின்னர் குருதிப் பரிசோதனைகள் நடைபெறும். பிலிருபின் கூடியிருக்கின்றதா, ஈரலின் நொதியங்கள் கூடியிருக்கின்றனவா, வெண்குருதிக் கலங்கள் கூடியிருக்கின்றனவா, சதையியின் அமிலேஸ் கூடியிருக்கின்றதா என்று பார்ப்பார்கள். இவற்றைக் கொண்டு அடைப்பையும் தொற்றையும் ஓரளவு அறியலாம்.

அடுத்தது அல்ட்ராசவுண்ட் ஸ்கான். இதில் நோவும் இல்லை, கதிர்வீச்சும் இல்லை, கர்ப்பிணிகளுக்கும் செய்யலாம். பித்தப்பைக் கற்களை 100 இல் 95 அளவிற்குக் காட்டிவிடும். சாப்பிட்டால் பை சுருங்கிவிடும் என்பதால் ஸ்கானுக்கு முன் 6 முதல் 8 மணி நேரம் சாப்பிடாது போக வேண்டும். காலையில் ஒரு பால் தேநீர் குடித்துவிட்டுப் போய், திரும்பவும் வேறொரு நாளுக்கு அலைய வேண்டாம். சாதாரண எக்ஸ்றேயில் பெரும்பாலான பித்தக் கற்கள் தெரிவதில்லை. எனவே "எக்ஸ்றே எடுத்தேன், ஒன்றுமில்லை" என்று திருப்திப்படவும் கூடாது.

கானின் அடிப்பகுதியில் உள்ள கல்லைச் சாதாரண ஸ்கான் தவறவிடக்கூடும். கான் விரிந்திருந்தாலோ மஞ்சள் இருந்தாலோ, காந்த அலையால் பித்தக்கானைப் படமெடுக்கும் எம்.ஆர்.சி.பி. பரிசோதனைக்கு அனுப்புவார்கள். இது பெரிய வைத்தியசாலைகளில் மட்டும் செய்யப்படுவதால் வேறு மாவட்டத்திற்கு மாற்றக்கூடும். அதற்கு மறுப்புச் சொல்லி வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டாம்.

சிகிச்சை முறைகள்

குத்து வந்த நேரத்தில் நோவைக் குறைக்க மருந்து தருவார்கள். கடையில் வாங்கி அடிக்கடி விழுங்கும் நோக் குளிசைகள் சில சிறுநீரகத்தைக் கெடுக்கும், இரைப்பையையும் புண்ணாக்கும். சிறுநீரக நோய் பரவலாக உள்ள பிரதேசங்களில் வாழ்கின்றவர்கள் இதில் மிகக் கவனமாக இருக்க வேண்டும்.

அழற்சியோ தொற்றோ இருந்தால் வாட்டில் அனுமதித்து, சேலைனும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் நாளம் வழியாக ஏற்றுவார்கள். மருந்தால் நோ மாறியதும் "சுகம்" என்று துண்டு வெட்டிக்கொண்டு வந்துவிடுவது பலர் விடும் பிழை. மருந்து தொற்றை அடக்குகின்றது. கல் அவ்விடத்திலேயே இருக்கின்றது.

நோ தரும் பித்தப்பைக் கல்லுக்கு நிரந்தரமான சிகிச்சை, கல்லோடு பித்தப்பையையும் அகற்றுவதே. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டால் திரும்பவும் கல் உண்டாகும். இச்சத்திர சிகிச்சையை முதன்முதலில் 1882 இல் பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்பூக் என்பவர் செய்தார். 1985 இல் ஜேர்மனியரான எரிக் மூஹே வயிற்றைப் பெரிதாக வெட்டாமல், சிறு துளைகளின் ஊடாகக் கமராக் குழாயைச் செலுத்திச் செய்து காட்டினார். லப்பரஸ்கோப் முறை எனப்படும் அதுவே இன்று வழக்கமான முறை. பெரும்பாலானோர் ஓரிரு நாளில் வீடு திரும்பலாம். உள்ளே அழற்சியும் ஒட்டுதலும் அதிகமாக இருந்தால், பாதுகாப்பிற்காக வழக்கம்போல் வயிற்றைத் திறந்து செய்ய நேரலாம். அது வைத்தியரின் தோல்வியல்ல. பித்தக்கான் காயப்படும் ஆபத்தும் சிறிய அளவில், 1000 பேரில் சிலருக்கு, உண்டு. கையொப்பம் இடுமுன் இவற்றைக் கேட்டறிவது உங்கள் உரிமை.

அழற்சி வந்தவருக்கு, உடல்நிலை இடம் கொடுத்தால், முதல் சில நாட்களுக்குள்ளேயே பையை அகற்றுவது நல்லது என்பது இன்றைய வைத்திய அறிவு. இலேசான சதையி அழற்சி வந்தவருக்கும் அதே தடவையில் அகற்றிவிடுவதே சிறந்தது. இடம் இல்லாமையால் பின்னர் வரச் சொல்லித் திகதி தந்தால், அத்திகதி அறுவடை நாளாக இருந்தாலும் தவற விடாதீர்கள்.

பித்தக்கானில் உள்ள கல்லுக்கு வேறு வழி உண்டு. வாய் வழியாக வளையும் குழாய் ஒன்றைச் செலுத்தி, கான் குடலில் திறக்கும் வாயைச் சிறிது வெட்டி விரித்து, கல்லை எடுப்பார்கள். இது ஈ.ஆர்.சி.பி. எனப்படும். 1974 முதல் இம்முறையால் கல் அகற்றப்படுகின்றது. தேவையானால் ஒரு சிறு பிளாஸ்ரிக் குழாயைக் கானுக்குள் விட்டு வைப்பார்கள். அதைச் சில மாதங்களுக்குள் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். மறந்துவிட்டால் அதுவே அடைத்து மீண்டும் தொற்றைக் கொண்டுவரும். கானில் இருந்த கல்லை எடுத்த பின்னரும் பித்தப்பையை அகற்ற வேண்டியிருக்கும்.

கல்லைக் கரைக்கும் குளிசை ஒன்று உண்டுதான். சிறிய கொலஸ்திரோல் கற்கள் உள்ள சிலருக்கு மட்டுமே அது பயன்படும். மாதக் கணக்கில், சிலவேளை இரண்டு வருடம் வரை, எடுக்க வேண்டும். நிறுத்தியபின் பலருக்கு மீண்டும் கல் உண்டாகின்றது.

சத்திர சிகிச்சையின் பின்

"பித்தப்பை இல்லாமல் வாழலாமா? மண்வெட்டி பிடிக்கலாமா?" என்று கேட்பவர்கள் பலர். தாராளமாக வாழலாம். பித்தநீரைச் சுரப்பது ஈரல். பை அதைச் சேர்த்து வைக்கும் இடம் மட்டுமே. தொட்டி இல்லாவிட்டாலும் வாய்க்காலில் நீர் ஓடும். சிலருக்குச் சில வாரங்கள் மலம் இளகிப் போகலாம். பெரும்பாலும் அது தானாகச் சரியாகும். வாழ்நாள் முழுவதும் பத்தியம் தேவையில்லை.

சிறு துளை முறையில் செய்தவர்கள் ஒன்று, இரண்டு வாரத்தில் இலேசான வேலைகளைத் தொடங்கலாம். தண்ணீர்க் குடம் தூக்குவது, மண் கொத்துவது, நெல் மூடை சுமப்பது போன்ற பாரமான வேலைகளை ஏறக்குறைய ஒரு மாதத்திற்குத் தவிர்க்க வேண்டும். வயிற்றைத் திறந்து செய்தவர்களுக்கு ஆறு முதல் எட்டு வாரம் வேண்டும். அந்நாட்களில் அயலவர்கள் அவ்வீட்டுக் கிணற்றில் ஒரு குடம் தண்ணீர் அள்ளிக் கொடுப்பதும் ஒரு மருந்தே. வீடு வந்தபின் காய்ச்சல், மஞ்சள், கூடிவரும் வயிற்று நோ, காயத்தில் சீழ் ஆகியன தோன்றினால் கிளினிக் நாளுக்காகக் காத்திராமல் உடனே திரும்பிப் போக வேண்டும்.

எண்ணெய் குடித்தால் கல் விழுமா?

எண்ணெயையும் பழச்சாற்றையும் கலந்து வெறுவயிற்றில் குடித்தால் கல் மலத்தோடு விழும் என்று ஒரு வைத்தியம் கைமாறிக் கைமாறி வருகின்றது. குடித்தவர்கள் பச்சை உருண்டைகளைக் கண்டதாகவும் சொல்கின்றார்கள். அவை கற்கள் அல்ல. குடித்த எண்ணெயே குடலில் சவர்க்காரம் போலத் திரண்டு உருண்டையாகின்றது. அவ்வளவு எண்ணெய் பித்தப்பையை வேகமாகச் சுருக்கி, இருந்த இடத்தில் இருந்த கல்லைக் கானுக்குள் தள்ளிவிடவும் கூடும்.

இடம்பெயர்ந்த குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை

அடிக்கடி இடம் மாறிய மக்களுக்கு நோயை விடப் பெரிய இழப்பு நோயின் பதிவுகள் தொலைந்து போவது. ஓரிடத்தில் ஸ்கான், இன்னோரிடத்தில் கிளினிக், மூன்றாமிடத்தில் சத்திர சிகிச்சைத் திகதி என்று இருந்தால் ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்து தொடங்க நேருகின்றது. ஆகவே கிளினிக் கொப்பி, ஸ்கான் அறிக்கை, குருதி அறிக்கை, வைத்தியசாலையில் தந்த துண்டு ஆகியவற்றை அடையாள அட்டை, காணி உறுதி வைத்திருக்கும் அதே பொலித்தீன் பையில் வையுங்கள். வீட்டில் இன்னொருவருக்கும் அது இருக்கும் இடம் தெரிந்திருக்கட்டும். இடம் மாறினால் புதிய இடத்து வைத்தியசாலையில் அவற்றைக் காட்டிப் பதிந்து கொள்ளுங்கள். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். நிரந்தர முகவரி இல்லை என்று தயங்க வேண்டியதில்லை.

இரவில் வாகனம் இல்லை என்று விடியும்வரை காத்திருப்பதும் எமது மக்களின் வழக்கம். 1990 என்ற இலக்கத்திற்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் கட்டணமின்றி வரும். வட மாகாணத்தில் 2018 முதல் இச்சேவை நடைபெறுகின்றது. கோவில், பாடசாலை, கடை போன்று உங்கள் இடத்தை அடையாளங் காட்டும் பெயரைத் தெளிவாகச் சொல்லப் பழகிக்கொள்ளுங்கள்.

வீட்டிலுள்ள பெண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்நோய் அவர்களுக்கே அதிகம். நோவை அதிகம் மறைப்பவர்களும் அவர்களே. பிள்ளைகளை யாரிடம் விடுவது, ஆட்டுக்கு யார் குழை வெட்டுவது, கூலிக்காசை யார் தருவது என்று எண்ணி அவர்கள் பொறுத்துக் கொள்கின்றார்கள். கணவன்மாரும் வளர்ந்த பிள்ளைகளும் அவர்களுக்கு ஒரு நாளை ஒதுக்கிக் கொடுக்க வேண்டும். மாதர் சங்கங்கள் தம் கூட்டங்களில் இதைப் பேசலாம்.

நினைவில் வைத்திருக்க

• நோ இல்லாத கல்லுக்கு அஞ்ச வேண்டாம். நோ தரும் கல்லைப் பொறுக்க வேண்டாம்.

• அரை மணி நேரத்திற்கு மேல் நிற்கும் மேல்வயிற்றுக் குத்து திரும்பத் திரும்ப வந்தால் ஸ்கான் செய்ய வேண்டுமா என்று வைத்தியரிடம் கேளுங்கள்.

• ஆறு மணி நேரம் கடந்தும் அடங்காத நோ, நோவோடு காய்ச்சல், நிற்காத சத்தி ஆகியவற்றுள் எது வந்தாலும் அன்றே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

• மஞ்சளும் நடுக்கக் காய்ச்சலும் சேர்ந்து வந்தால், நள்ளிரவானாலும் அந்த மணித்தியாலத்திலேயே புறப்பட வேண்டும்.

• இரண்டு வாரம் கடந்தும் குழந்தையின் மஞ்சள் மாறாவிட்டால், மலம் வெளிறினால், உடனே காட்ட வேண்டும்.

• அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். தந்த திகதியைத் தவற விடாதீர்கள்.

இதை வாசிக்க முடியாத அயலவருக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டுங்கள். "காஸ்" என்று சொல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கும் ஒருவர் உங்கள் வேலிக்கு அப்பால் இருக்கக்கூடும்.